அலியன் என்பது பேர் அல்ல

பங்களா மேசையில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தோட்டாக்களை எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். ஒன்று ஒல்லி, என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். மற்றது அதைவிட உயரம், நல்ல தடிமன். தேத்தண்ணித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் அந்தப் பித்தளைத் துண்டுகளைப் பார்த்துப் பேசினார்களே தவிர ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூடப் பெண்ணை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்து அப்போது ஒரு மழைக்காலம்தான் முடிந்திருந்தது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, லாரியில் ஊட்டிக்கு ஏறி, மறுபடி கூடலூர்ப் பக்கமாக இறக்கிவிடப்பட்டோம். தாயகம் திரும்பியவர்கள் என்று எங்களுக்குப் பேர். நான் அதுவரை கண்ணால் பார்த்திராத தாயகம். காட்டை ஒட்டிப் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். காட்டுக்கு மிக அருகில் இருந்த கடைசி லயத்தை, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகளை, எங்களுக்குக் கொடுத்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு நல்ல வீடு, கடைசியில் வந்தவர்களுக்கு யானை.

அந்த யானை ஒரு விடியற்காலையில், பெரட்டுக்குப் போகிற நேரத்தில் வந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதைத்தான் நாங்கள் பெரட்டு என்போம். பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு, மலைத்தண்ணீர் குழாயாக விழுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எங்களோடு ஒரே கப்பலில் வந்தவள், அலையில் வாந்தி எடுத்துக்கொண்டே என் தலையையும் பிடித்துவிட்டவள். பீலிக்கு மேலே பலாமரம். மூடுபனிக்குள் அது நின்றது அவளுக்குத் தெரியவில்லை. வாளி உருண்ட சத்தத்தில் நாங்கள் கதவைத் திறந்தபோது அவள் தரையில் கிடந்தாள். அது லயத்துச் சுவரை உரசிக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் எங்களைத் தாண்டிப் போனது. எல்லாரும் பார்த்தோம்.

மேனேஜர் அன்றைக்கே எங்கள் லயத்து ஆட்களை ஃபாக்டரி மேல்மாடிக்கு மாற்றினார். யானையைச் சுடும்வரை அங்கே இருக்கலாம், சுட்டதும் லயத்துக்குத் திரும்ப வேண்டும். இதுதான் பேச்சு. பச்சைக் கொழுந்து வாடுகிற வாசமும் கீழே மெஷின் ஓடுகிற அதிர்வுமாக அந்த மாடியில் சாக்கை விரித்துப் படுத்தோம். அக்காவின் புருஷன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த யானை சாக வேண்டும், அல்லது நாங்கள் அந்த மாடியிலேயே கிடக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால் போதும்.

சூப்பர்வைசர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஏசினால்கூட 'ங்க' போட்டுத்தான் ஏசுவார். யானையைப் பற்றி விசாரிக்க அவர்தான் வந்தார். என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "ஒங்க கிட்ட துவக்கு இல்லீங்களா?"

"எதைத் துவக்கோணுங்க?" என்றார் அவர்.

எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. இந்தப் பக்கத்தில் துவக்கு என்றால் ஆரம்பி. அது புரிந்ததும் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சாவு நடந்த இடம் என்று ஞாபகம் வந்து சிரிப்பை விழுங்கினார்கள். அதற்கப்புறம் அவர் கேட்டார்:

"ஏனுங்க, வந்தது ஆணுங்களா, பொண்ணுங்களா?"

"அலியனுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"அது சரிங்க, ஆணா பொண்ணா?"

"அலியன்னா ஆணுதானுங்களே. பெரிய அலியன்."

"அப்பச் சரிங்க."

இங்கேதான் எல்லாம் முடிந்துபோனது. எங்களுக்கு அப்போது தெரியவில்லை. இலங்கையில் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பு, அதாவது தந்தம், கிடையாது. கொம்பிருந்தால் கொம்பன், கொம்பில்லாத ஆண் அலியன். பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பேச்சு. அலியன் என்று சொன்ன பிறகு அதற்குக் கொம்பில்லை என்று தனியாகச் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பசு என்று சொல்லிவிட்டு, அது காளை இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் சூப்பர்வைசரின் காதில் அது ஒரு பேராக விழுந்தது. கோயில் யானைக்குப் பேர் வைக்கிற மாதிரி, சிலோன்காரர்கள் இதற்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். பெரிய ஆண் யானை, பேர் அலியன். மேனேஜரிடம் அப்படியே போனது, மேலிடத்துக்கும் அப்படியே போனது. சுடுவதற்கு உத்தரவு வந்த அன்று அவர் மாடிப்படி ஏறி வந்து, "ஆர்டர்ல பேரே வந்துருச்சுங்க, அலியன்னு!" என்றார். நம் சொல்லுக்கும் இங்கே மதிப்பிருக்கிறதே என்று எங்களுக்குப் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

உத்தரவோடு சுட வந்தவர்கள்தான் தோட்டாக்களை நிறுத்திவைத்துப் பேசிய அந்த இரண்டு பேர். ஒருவர் ஊட்டி பெர்ன்ஹில்லில் பழைய பெரிய வீட்டில் இருந்த வயதானவர். இன்னொருவர் கோயம்புத்தூர் மில்காரர். பங்களா சமையல்காரர் லீவில் போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டுச் சமையலறையில் விட்டார்கள். தோட்டத்து ஆளுக்குத் தோட்டாவைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் விடிந்தால் அடைந்தால் அதே பேச்சைக் கேட்டால் சுவருக்குக்கூடத் தெரிந்துபோகும்.

ஒல்லித் தோட்டா மில்காரருடையது. அதை த்ரீ செவன்டி ஃபைவ் என்பார்கள். தடித்தது பெரியவருடையது, ஃபோர் செவன்டி. ஒல்லி வேகமாகப் போகும், தூரத்திலிருந்தும் குறி தப்பாது, துப்பாக்கியில் நாலைந்து அடுக்கிவைத்து வரிசையாகச் சுடலாம். தடியன் கனமானவன், பக்கத்தில் போய்த்தான் சுட வேண்டும், இரட்டைக் குழாயில் இரண்டே இரண்டு. சுட்டவர் தோளே கழன்றுபோகும்.

"உங்களுக்கு ரெண்டுதானுங்க. எனக்கு அஞ்சு," என்பார் மில்காரர்.

"யானை மேல வந்து விழறப்ப ரெண்டு சுடறதுக்கே நேரம் இருந்தா பெரிய விஷயம்," என்பார் பெரியவர்.

"வேகம் இருந்தா எலும்பு என்ன பண்ணும்?"

"வேகமா வந்து மோதுற ஈ என்ன பண்ணும்?"

இது ஒரு சண்டை என்றால் சாலிட்டா சாஃப்டா என்பது இன்னொரு சண்டை. சாலிட் என்பது முழுக்கக் கவசம் போட்ட குண்டு, எலும்பைத் துளைத்துக்கொண்டு நேரே உள்ளே போகும். சாஃப்ட் என்றால் நுனியில் ஈயம் தெரியும். தோலைத் தொட்டதும் விரிந்துவிடும். மானுக்கும் புலிக்கும் அது போதும். யானையின் மண்டைக்குள் சாலிட் மட்டும்தான் போகும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. அந்த ஒன்றில்தான் ஒற்றுமை. ஆனால் மில்காரரிடம் இருந்ததில் பெரும்பாலும் சாஃப்ட். வெளிநாட்டிலிருந்து தோட்டா வருவது நின்றுபோயிருந்தது, கிடைத்ததைத்தான் வாங்க முடிந்தது. பெரியவரிடம் இருந்தது எல்லாமே சாலிட். ஆனால் வெள்ளைக்காரன் இருந்த காலத்துச் சரக்கு, கொஞ்சம்தான் மிச்சம். பஞ்சில் சுற்றித் தகர டப்பாவில் வைத்திருந்தார். மருமகளிடம் கொடுக்க மனமில்லாத நகையை எடுத்துப் பார்க்கிற மாமியார் மாதிரி, திறப்பார், தொடுவார், மூடுவார்.

பேசித் தீராததால் ஒரு நாள் ஃபாக்டரிக்குப் பின்னால் பலகையை அடுக்கினார்கள். தேயிலைப் பெட்டிக்கு வந்த பலகைகள், ஒன்றன் பின் ஒன்றாக, பின்னால் மண்மேடு. வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றோம். மில்காரரின் சாஃப்ட் சில பலகைகளைக் கிழித்துவிட்டு உள்ளேயே காளான் மாதிரி விரிந்து நின்றுவிட்டது. அவருடைய சாலிட் எல்லாவற்றையும் துளைத்துப் போனது. பெரியவர் தடித்ததைப் போட்டுச் சுட்டார். பலகைகள் மட்டுமல்ல, மண்மேடே இடிந்து சரிந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். அடுத்ததைச் சுட்டபோது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை மழைக்காலங்களைப் பார்த்த மருந்து நமத்துப்போயிருந்தது.

"பாத்தீங்களா, யானை முன்னாடி இப்படி ஆயிருந்தா?" என்றார் மில்காரர்.

பெரியவர் அந்தத் தோட்டாவை எடுத்துத் துடைத்துத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற அத்தான் என்னிடம் மெதுவாக, "பலகைய நல்லாத்தான் கொல்றாங்க," என்றார். அக்கா போன பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தச் சத்தத்தில் காடு முழுக்க நிசப்தமாகிவிட்டது. யானையின் வாடையே இல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை மட்டும்தான் வந்தது. ஃபாக்டரி மாடியில் பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்குத் தேயிலைத் தூசியில் இருமல் வந்துவிட்டது. நான் மட்டும் மனதுக்குள் இன்னும் கொஞ்சம் நாள் அவர்கள் தோட்டாக்களையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்வரை எங்களைக் கீழே இறக்க முடியாதல்லவா?

ஒரு மத்தியானம் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வைக்கப் போன நான் கேட்டேன். "ஐயா, கட்டாயம் சுட்டுருவீங்கதானே? அலியனுங்க ஐயா. ரொம்பப் பொல்லாதது."

"உங்க அலியனை எனக்குத் தெரியும்மா," என்றார் அன்பாகவே. "நேத்து சாயங்காலம் பள்ளத்துல பார்த்தோம். நல்ல பெரிய ஆள். ஓடையத் தாண்டி நின்னான், தூரம் அதிகம். நாளைக்குப் பார்ப்போம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பார்த்துவிட்டார்களாம், தெரியுமாம். மாடிக்கு ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு வெடிச்சத்தம் கேட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம். இத்தனை நாளில் எங்களுக்கே சத்தத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது. முதலில் ஒல்லி, சுள்ளென்று. பிறகு மறுபடி ஒல்லி. ஒரு பிளிறல்.  அப்புறம் தடியன் ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அதற்கு மேல் எதுவும் இல்லை. சூப்பர்வைசர் மேட்டிலிருந்து துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"அலியன் உளுந்துட்டானுங்க! அலியன் உளுந்துட்டான்!"

கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். அத்தானை என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பள்ளத்துச் சேற்றில் அது ஒருக்களித்துக் கிடந்தது. மில்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பூரிப்பு. அவருடைய ஆள் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். யானையின் முகத்துக்கு முன்னால் இரண்டு தந்தங்கள், வெள்ளையாக, சேற்றில் பாதி புதைந்து.

 பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் யானையைச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு கொம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது அலியன் இல்ல," என்றார்.

சூப்பர்வைசர் சிரித்தார். "அலியன்தானுங்க. பயப்படாதீங்க, செத்துருச்சு."

"அலியன் இல்லீங்க. இது கொம்பன்."

"கொம்பன்தானுங்க. அலியன்ங்கிற கொம்பன்."

"ஐயோ, அலியன்னா கொம்பில்லாததுங்க!" என்று கத்திவிட்டேன் நான். "கொம்பில்லாத ஆணுக்குத்தான் அலியன்னு பேரு. அது எப்படிங்க கொம்பனாகும்?"

மரத்தடியில் துப்பாக்கியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்ல எழுந்து வந்தார். "கொம்பில்லாததா?" என்று என்னையே பார்த்தார். "மக்னாவா? கொன்னது மக்னாவா?" இந்தப் பக்கத்தில் அதற்கு அதுதான் பேர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"சொன்னோமே ஐயா," என்றேன். "மொதல் நாள்ள இருந்து அதைத்தானே சொன்னோம்."

 எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாம். மில்காரருக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. ஆர்டரில் ஆண் யானை என்று இருக்கிறது, இது ஆண். பெரிய காலடித் தடம் என்று இருக்கிறது, இதுவும் பெரிய காலடி. பனியில் பார்த்தவர்களுக்குக் கொம்பு எங்கே தெரிந்திருக்கும்? தந்தம் சர்க்காருக்குப் போய்விடும்தான். ஆனாலும் கொம்பில்லாத யானையின் தலையில் காலை வைத்துப் போட்டோ எடுத்தால் அது ஒரு போட்டோவா? இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அது கொம்புள்ள யானைக்குச் சொன்னது போலிருக்கிறது.

பிறகு தெரிந்தது, மில்காரர் அவசரத்தில் முதலில் விட்டது சாஃப்ட். விரிந்து எலும்பில் நின்றுவிட்டது, யானை திரும்பிவிட்டது. பெரியவர்தான் எதிரே போய் நின்று முடித்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் தோட்டாச் சண்டையில் ஜெயித்தது அவர்தான்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் அவர் என் பக்கம் வந்தார். "மக்னாவோட மண்டை இதைவிடக் கனம்மா. ஒல்லியெல்லாம் அதுக்கு உதவாது. என்கிட்ட இருந்த நல்லது ரெண்டும் இதுக்குள்ள போயிடுச்சு. இனி இருக்கறது அந்த நமத்தது ஒண்ணுதான்." பையைத் தொட்டுக் காட்டினார். "நான் பேசிப் பார்க்கறேன். ஆனா ஆர்டர் முடிஞ்சு போச்சுன்னுதான் சொல்லுவாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஜீப் போன தடத்தில் சேறு மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலமே மாடியைக் காலி செய்யச் சொன்னார்கள். கொழுந்து வாட்ட இடம் வேண்டுமாம். "தைரியமாப் போங்க, ஊட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க," என்றார் சூப்பர்வைசர். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் சட்டிபானையை அவரும் ஒரு கை தூக்கிக் கொடுத்தார். 'ங்க' போட்டுத்தான் எங்களைக் காட்டோரம் அனுப்பினார்.

லயத்தில் யாரும் வாளி எடுத்துக்கொண்டு தனியாகப் பீலிக்குப் போகவில்லை. கூட்டமாகப் போனோம், தகரம் தட்டினோம், நெருப்பு வளர்த்தோம். பலா பழுக்க ஆரம்பித்தது. வாசம் வரும்போதெல்லாம் எங்களுக்குக் குமட்டியது. மரத்தை வெட்டலாமா என்று கேட்டோம். மரம் காட்டிலாகாவின் எல்லைக்குள் இருக்கிறது, தொடக்கூடாது என்றார்கள்.

ஒரு விடியற்காலை கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அதே பனி. பலாமரத்தடியில் அது நின்றது. பழத்தைக் காலால் மிதித்துப் பிளந்து, அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது. பெரிய, மொட்டை முகம். திரும்பி லயத்தைப் பார்த்தது. நான் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தகரம் தட்டக்கூட எங்களுக்குக் கை வரவில்லை. அது தின்று முடிக்கும்வரை லயத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

அது போனதும் எல்லாரும் ஆபீசுக்குப் போனோம். சூப்பர்வைசர் உண்மையிலேயே பதறிவிட்டார். உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். வரும்போதே அவர் முகத்தில் பதில் தெரிந்தது.

"இதைச் சுடறதுக்குப் புதுசா ஆர்டர் வாங்கோணுங்க."

"வாங்குங்க," என்றேன்.

"வாங்கலாமுங்க. ஆனா ஆளைக் கொன்ன ஆனைக்குத்தான் ஆர்டர் குடுப்பாங்க. இது இன்னும் ஆரையும் கொல்லலைங்களே."

அத்தான் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அப்ப எம் பொஞ்சாதியக் கொன்னது எது?"

சூப்பர்வைசருக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அது அலியனுங்க. அதைத்தான் சுட்டாச்சுங்களே."

பெரட்டு மணி அடித்தது. வரிசையில் நின்றோம். கொழுந்தெடுக்க எனக்கு அன்று பிரித்துக் கொடுத்தது பலாமரத்துப் பக்கத்து நிரை.